இரு திரைகளும் ஒரு பூதமும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கோயில்களைப் பற்றியோ மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். "இந்த முறை பூதப் படங்களைப் பற்றி எழுதப் போறேன்" என்றதும் செயலாளர் சிரித்துவிட்டார். "என்ன நயினாரே, இந்த வயசுல பேய்ப் படம் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

என்னை அறியாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. நான் 1978ல், பதினேழு வயதில், மும்பைக்கு வந்தவன். அப்போது இதற்குப் பெயர் பம்பாய். 1984 முதல் ஸ்க்ரீன் பிரிண்டிங் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மரச் சட்டம், அதில் இழுத்துக் கட்டும் வலைத்துணி, மை, மையை இழுக்கும் ரப்பர்க் கட்டை, இவைதான் என் சரக்கு. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், பனியன் அடிப்பவர், ஸ்டிக்கர் அடிப்பவர் எல்லாரும் என் வாடிக்கையாளர்கள். கல்லூரிப் பக்கம் போனதில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு.

சென்ற மழைக்காலத்தில், கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கடைக்கு வந்தாள். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். நல்ல மெல்லிய வலைத்துணி கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். கையிலிருந்த சுருளைப் பிரித்து மேஜைமேல் விரித்தாள். கடலிலிருந்து எழுந்து வரும் காட்ஸில்லா! நான்கு வண்ணம். கையாலேயே நாற்பது பிரதி இழுத்திருக்கிறாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல கொடுத்தா பத்து நிமிஷத்துல நாற்பதும் வந்துடுமே, எதுக்கு இந்தப் பாடு?" என்றேன்.

"தொட்டுப் பாருங்க அங்கிள்" என்றாள்.

தொட்டேன். அந்த மிருகத்தின் முதுகில் கறுப்பு மை தடித்து, சொரசொரவென்று நின்றது. செதில் விரலில் தட்டுப்பட்டது. நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் ஓர் அச்சுத் தாளை நான் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. அந்தச் சொரசொரப்பு எனக்கு வேறொரு மனிதரின் விரல்களை நினைவூட்டியது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் கலையின் கதையையும், இந்தப் பூதத்தின் கதையையும் வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

திரை என்னும் சொல்

நம் மொழியில் திரை என்றால் மறைக்கும் துணி. திரை என்றால் கடலலை. திரை என்றால் முதுமையில் விழும் தோல் சுருக்கம். பிற்காலத்தில் இரண்டு புதிய பொருள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று சினிமாத் திரை. மற்றது அச்சுத் திரை, அதாவது ஸ்க்ரீன். சினிமாத் திரை ஒளியைத் தன்மேல் வாங்கி நமக்குக் காட்டும். அச்சுத் திரை மையைத் தன் கண்கள் வழியே கீழே விடும். இரண்டும் வெவ்வேறு ஊர்களில் பிறந்து, வெவ்வேறு வழியில் வளர்ந்து, கடைசியில் ஒரு தாளில் வந்து சந்தித்தன. அந்தத் தாள்தான் பூதப்பட அச்சு.

வளையத்துக்குள் வளையம்

ஊரில் நம் பெண்கள் கோலம் போட ஓட்டை போட்ட தகரத் தட்டு வைத்திருப்பார்கள். தட்டில் மாவைக் கொட்டித் தேய்த்தால், ஓட்டை வழியே மாவு இறங்கித் தரையில் தாமரை விழும். திரை அச்சின் தத்துவம் அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தகரத்தில் ஒரு முழு வட்டத்தை வெட்டினால் நடுவிலிருக்கும் பகுதி பிடிமானம் இல்லாமல் கழன்று விழுந்துவிடும். அதனால்தான் கோலத் தட்டில் கோடு இருக்காது, புள்ளிகள்தான் இருக்கும்.

இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தவர்கள் ஜப்பானியர்கள். கிமோனோத் துணியில் வண்ணம் அச்சிட அவர்கள் கதகாமி என்ற வெட்டுத்தாளைப் பயன்படுத்தினார்கள். முசுக்கொட்டை இனச் செடியின் நாரில் செய்த தாளை, சீமைப் பனிச்சை என்று சொல்லும் பழத்தின் துவர்ச்சாறு கொண்டு அடுக்கடுக்காக ஒட்டி, புகையில் பதப்படுத்துவார்கள். தாள் தோல்போல உறுதியாகிவிடும். அதில் கத்தியால் மிக நுண்ணிய வடிவங்களை வெட்டுவார்கள். கழன்று விழக்கூடிய பகுதிகளைத் தாங்க, தாள்களுக்கு இடையே மெல்லிய பட்டு இழைகளைக் கோத்து ஒட்டுவார்கள். இழை அவ்வளவு மெல்லியது, அச்சில் அதன் தடமே தெரியாது. இசே வட்டாரத்தில், இன்றைய சுசுகா நகரின் ஷிரோகோ, ஜிகே ஊர்களில் இத்தொழில் பல தலைமுறையாக நடந்து வந்தது. 1955ல் ஜப்பானிய அரசு இதைப் பாதுகாக்க வேண்டிய கலைச் செல்வமாக அறிவித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வெட்டுத்தாள்கள் ஐரோப்பாவுக்குக் கட்டுக் கட்டாகப் போயின. அங்கே பார்த்தவர்கள் வியந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இழை கட்டுவதற்குப் பதில், முழுவதும் ஒரு துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் வடிவத்தை ஒட்டினால் என்ன? இந்த வழியில் பலர் முயன்றார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துச் சாமுவேல் சைமன் என்பவர் 1907ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். துணிக்கு அவர்கள் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. மாவு ஆலைகளில் மாவு சலிக்க ஸ்விட்சர்லாந்தில் நெய்த பட்டுச் சல்லடைத் துணி ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் இன்றும் எங்கள் வியாபாரத்தில் வலைத்துணிக்கு 'போல்டிங் கிளாத்' என்று பெயர். சலிக்கும் துணி என்று அர்த்தம். அடுப்படிச் சாமான்தான் அச்சுக்கூடத்துக்கு வந்தது.

அமெரிக்காவில் 1930களின் பொருளாதாரச் சரிவின்போது, வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசே வேலை கொடுத்தது. நியூயார்க்கில் ஆன்டனி வெலோனிஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு, கடைப் பலகை அடிக்கும் இந்த முறையை ஓவியக் கலையாக உயர்த்தியது. கடைச்சரக்கோடு கலப்படமாகிவிடக் கூடாது என்று 'செரிகிராஃப்' என்று ஒரு புதுப்பெயரும் வைத்தார்கள். தமிழில் சொன்னால் பட்டெழுத்து.

அப்பாவின் கடிதம்

இந்தப் பட்டு என் வாழ்க்கையிலும் குறுக்கிட்டது. பம்பாய்க்கு வந்த புதிதில் நான் வேலை பார்த்த கடையில் நைலான் வலை, ஆர்கண்டி, பட்டு மூன்றும் விற்றார்கள். பெருமையாக ஊருக்குக் கடிதம் எழுதினேன். அப்பா பதில் போட்டார். அவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர். "பட்டுக் கூட்டைப் புழுவோடு கொதிநீரில் போடுகிறார்கள். அந்தக் காசு நமக்கு வேண்டாம்பா" என்று இரண்டே வரி.

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகள் வேண்டும் என்று பிறகு படித்தேன். 1984ல் சொந்தக் கடை போட்டபோது பட்டு வாங்கி வைக்கவே இல்லை. நைலானும் பாலியெஸ்டரும்தான். நல்ல வேளையாகக் காலமும் அந்தப் பக்கமே போயிற்று. செயற்கை இழை ஈரத்தில் தொய்யாது, ஆயிரக்கணக்கான பிரதி இழுத்தாலும் தாங்கும். பட்டெழுத்து என்ற பெயர் மட்டும் நின்றது, பட்டு போய்விட்டது. அதேபோல எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினையும் நான் விற்றதில்லை. "நம்ம கடையில ஜீவஹிம்சை கிடையாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமை எனக்கு வெகு காலம் இருந்தது.

பூதங்கள் வந்த வழி

இனி சினிமாத் திரைக்கு வருவோம். 1922ல் ஜெர்மனியில் முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' வந்தது. டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல் எடுத்ததால் நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்தார். 1925ல் படச்சுருள்களை அழிக்கும்படி தீர்ப்பாயிற்று. தப்பிய சில பிரதிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். 1931ல் அமெரிக்காவில் யுனிவர்சல் கம்பெனி முறைப்படி 'டிராகுலா'வை எடுத்தது. பேலா லுகோசி நடித்தார். அதே ஆண்டில் போரிஸ் கார்லாஃப் நடித்த 'ஃபிராங்கன்ஸ்டைன்', அடுத்த ஆண்டில் 'தி மம்மி', 1933ல் வேறொரு கம்பெனியின் 'கிங் காங்' என்று வரிசையாக வந்தன.

இந்தப் படங்களின் சுவரொட்டிகள் கல்லச்சு முறையில் அச்சானவை. யுனிவர்சலின் விளம்பர ஓவியப் பிரிவை நடத்தியவர் ஹங்கேரியிலிருந்து குடிபெயர்ந்த கரோலி குரோஸ். சுவரொட்டிக்கு அன்று மதிப்பே கிடையாது. ஒரு தியேட்டரிலிருந்து அடுத்த தியேட்டருக்குப் போகும், கிழிந்தால் குப்பைக்குப் போகும். எஞ்சியவை ஒன்றிரண்டே. குப்பைக்குத் தப்பிய 'தி மம்மி' சுவரொட்டி ஒன்று 1997ல் ஏலத்தில் 4,53,500 டாலருக்குப் போயிற்று. 2017ல் 'டிராகுலா' சுவரொட்டி ஒன்று 5,25,800 டாலர். தெருவில் ஒட்டிய தாளுக்கு இந்த விலை!

இந்தப் படங்களில் ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய ஜீவன் தானாக வந்ததில்லை. ஒரு விஞ்ஞானி செய்து, செய்தபின் கைவிட்டது. கிங் காங்கைத் தீவிலிருந்து சங்கிலி போட்டு ஊருக்குக் கொண்டு வந்தவன் ஒரு கூத்துக் கம்பெனிக்காரன். பூதம் ஊரை அழிக்கிறது என்று நாம் அலறுகிறோம். அதைக் கொண்டு வந்தது யார் என்று படம் நம்மைக் கேட்கிறது.

சாம்பல் மழையும் காட்ஸில்லாவும்

இந்தக் கேள்வியை மிக அழுத்தமாகக் கேட்ட படம் ஜப்பானிலிருந்து வந்தது. 1954 மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டுச் சோதனை நடத்தியது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெடித்தது, 15 மெகாடன். ஆபத்து எல்லை என்று அறிவித்த பகுதிக்கு வெளியே, சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் புகுரியு மாரு' என்ற ஜப்பானியப் படகின்மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகப் பெய்தது. பெயருக்கு அதிர்ஷ்ட நாகம் என்று பொருளாம். படகிலிருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு நோய். கம்பியில்லாத் தந்தி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார். அந்தப் படகை இன்றும் டோக்கியோவில் ஒரு காட்சிக்கூடத்தில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

அவர் இறந்து ஆறு வாரம் ஆகியிருக்காது. நவம்பர் 3ஆம் தேதி 'கொஜிரா' படம் வெளியாயிற்று. கொரில்லா என்ற சொல்லையும், திமிங்கிலத்துக்கான ஜப்பானியச் சொல்லான குஜிராவையும் சேர்த்த பெயர். வெளிநாட்டில் அது காட்ஸில்லா ஆயிற்று. தயாரிப்பாளர் டனாகா, இயக்குநர் இஷிரோ ஹோண்டா, தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. சுபுராயாவைத் தந்திரக் காட்சிப் பக்கம் இழுத்ததே 1933ன் கிங் காங்தான். ஆனால் கிங் காங்போல பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுக்க நேரமில்லை. ஆகவே ஒரு மனிதரைக் கனமான ரப்பர் உடைக்குள் இறக்கினார்கள். ஹரூவோ நகாஜிமா என்ற அந்த நடிகர் முதல் உடையைச் சுமந்த கஷ்டம் கொஞ்சமில்லை. சுமார் 100 கிலோ எடை! பூதத்துக்குள் மூச்சுத் திணறிக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

படம் தொடங்கும்போதே ஒரு படகு ஒளிவெள்ளத்தில் எரிந்து மூழ்குகிறது. ஜப்பானியர்களுக்கு அது எந்தப் படகு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து எழுப்பப்பட்ட மிருகம் அது. அதன் தோலைப் பாம்புச் செதிலாகச் செய்யாமல், அணுகுண்டில் வெந்து பிழைத்தவர்களின் உடம்பில் தடித்து நின்ற தழும்புபோலச் செய்தார்கள். ஆக, ஊரை அழிக்க வந்ததும் காயம்பட்ட ஒரு ஜீவன்தான். சுமார் 96 லட்சம் பேர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். 2023ல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்', 2024ல் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கர் வாங்கியதை நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்வார்கள்.

1954 படத்தின் முடிவு என்னைத் தூங்க விடவில்லை. செரிசாவா என்ற விஞ்ஞானி காட்ஸில்லாவை அழிக்கும் ஆயுதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அதை வெளியே தந்தால் மனிதர்கள் மனிதர்கள் மேலேயே போடுவார்கள் என்று அஞ்சுகிறார். தன் குறிப்புகளையெல்லாம் எரித்துவிட்டு, ஒரே ஒரு முறை கடலடியில் அதைப் பயன்படுத்தி, தானும் மேலே வராமல் அங்கேயே இறக்கிறார். தன் கைப்பொருளின் தீங்குக்குத் தானே பொறுப்பேற்றவர்.

இரண்டு திரைகள் சந்தித்தது

அச்சுத் திரைக்கும் பூதத்துக்கும் முடிச்சு போட்ட பெரிய கை ஆன்டி வார்ஹோலுடையது. 1962ல் புகைப்படத்தைப் பட்டுத்திரையில் ஏற்றி அச்சிடத் தொடங்கினார். மர்லின் மன்றோ படங்களை எல்லாரும் அறிவார்கள். ஆனால் 1963லேயே 'டிராகுலா' படத்தில் லுகோசி ஒரு பெண்ணின் கழுத்தருகே குனியும் காட்சியைத் திரை அச்சாக இழுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1981ல் அமெரிக்க மனத்தில் குடியிருக்கும் பத்து உருவங்களை வரிசையாக அச்சிட்டபோது, மிக்கி மவுஸ், சூப்பர்மேன் இவர்களோடு டிராகுலாவுக்கும் ஓர் இடம் கொடுத்தார். அந்த அச்சுகளில் மினுமினுக்கும் தூளும் தூவினார்.

வேறொரு பக்கம், 1957ல் யுனிவர்சலின் பழைய படங்கள் 52ஐ மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு விற்றார்கள். பெற்றோர் தூங்கியபின் பயந்து பயந்து பார்த்த பிள்ளைகள் ஒரு தலைமுறை வளர்ந்தது. பூதத்தைத் தோழனாகக் கொண்ட தலைமுறை. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஃபிராங்க் கோசிக் என்பவர் பாட்டுக் கச்சேரிகளுக்குத் திரை அச்சில் சுவரொட்டி அடித்துப் பேர் வாங்கினார். அதே ஊரில் 1997ல் தொடங்கிய ஒரு சினிமாக் கொட்டகையின் கிளையாக மோண்டோ என்ற கடை வந்தது. பழைய படங்களுக்கு இன்றைய ஓவியர்களைக் கொண்டு புதிய சுவரொட்டி வரைந்து, திரை அச்சில் சில நூறு பிரதி மட்டும் இழுத்து விற்றார்கள். உருகுவே நாட்டு மார்ட்டின் அன்சின், பெல்ஜியத்து லாரன்ட் டுரியு போன்றவர்கள் பழைய பூதங்களுக்கு மறுபிறவி கொடுத்தார்கள். 2011ல் ஆஸ்கர் அகாடமியின் நூலகம் இந்தத் தாள்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கியது. குப்பைக்குப் போன சுவரொட்டியின் பேரப்பிள்ளைகள் நூலகத்துக்குப் போனார்கள்.

பூதத்துக்குத் திரை அச்சு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? வியாபாரியாக என் பதில் இது. இந்த அச்சில் ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். நான்கு வண்ணம் என்றால் நான்கு சட்டம், நான்கு முறை உலர்த்தல், நான்கு முறையும் இம்மி பிசகாமல் தாளைப் பொருத்த வேண்டும். அதனால் ஓவியர் தேவையில்லாததைத் தள்ளி உருவத்தின் நிழலை மட்டும் பிடிக்கிறார். பூதம் என்பதே ஒரு பெரிய நிழல்தானே. மையும் கெட்டியாக விழும். கறுப்பு என்றால் அடிக்கறுப்பு. இருட்டில் ஒளிரும் மையைக்கூட இதில் இழுக்கலாம். விளக்கை அணைத்தால் பூதத்தின் கண் மட்டும் தெரியும். பிள்ளைகள் கேட்கவா வேண்டும்!

மஞ்சள் உப்பு

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

சட்டத்தில் உருவம் எப்படி ஏறுகிறது தெரியுமா? வலைத்துணியின்மேல் ஒரு பசையைப் பூசி இருட்டில் உலர்த்துவார்கள். அதன்மேல் படத்தின் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து போய்க் கண் திறக்கும். பசைக்கு இந்தக் குணத்தைக் கொடுப்பது அதில் கலக்கும் ஓர் உப்பு, பைக்ரோமேட். ஸ்காட்லாந்தில் மங்கோ போன்டன் என்பவர் 1839ல் இது வெளிச்சத்துக்கு மாறுவதைக் கண்டார். ஆரஞ்சு நிறத்தில் படிகம் படிகமாக, பார்க்க கற்கண்டு மாதிரி அழகாக இருக்கும். கரைத்தால் மஞ்சள்.

என் வாடிக்கையாளர்களில் தாராவியில் அச்சடித்த ஓர் அண்ணாச்சி இருந்தார். திருநெல்வேலிக்காரர். 1984ல் ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' படம் வந்து சக்கைப்போடு போட்டபோது, அதில் வரும் சாம்ரி பூதத்தின் முகத்தைப் பச்சையும் சிவப்புமாக ஸ்டிக்கர் அடித்தார். ஆட்டோ முதுகிலும் வீடியோ கடைக் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு பம்பாயெங்கும் அது திரிந்தது. ஆயிரக்கணக்கில் இழுத்திருப்பார். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை, எண் இல்லை. கடைக்கு வந்தபோது "நயினாரே, பூதத்தைக் கூட்டியாந்திருக்கேன்" என்று சொல்லி ஒன்றை என் கணக்குப் பெட்டி மூடியில் ஒட்டிவிட்டுப் போனார்.

பைக்ரோமேட்டை அவர் வெறுங்கையால்தான் கரைப்பார். எல்லாரும் அப்படித்தான். நாலைந்து வருஷத்தில் அவர் விரல் இடுக்குகளில் குழி குழியாகப் புண். ஆறவே ஆறாது. ஓரம் தடித்து, நடுவில் துளை போட்டதுபோல இருக்கும். "என்ன அண்ணாச்சி இது?" என்று கேட்டேன். "சாய வேலைன்னா அப்படித்தான், தேங்காயெண்ணெ தடவுதேன்" என்றார். நானும் சரி என்று அடுத்த பொட்டலத்தை நிறுத்துப் போட்டேன். 1990களில் ஒருநாள் ரப்பர்க் கட்டையைப் பிடிக்க முடியவில்லை என்று தொழிலை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

அந்தப் புண்ணுக்குக் காரணம் அந்த உப்பு என்பதும், அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுவிடும் என்பதும் மருத்துவ உலகம் எப்போதோ அறிந்த விஷயம். நான் புத்தகத்தில் படித்தது 2003ல். ஆனால் அன்பர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பைக்ரோமேட் வந்த பீப்பாயின் மேலேயே அபாயக் குறி இருந்தது. கீழே ஆங்கிலத்தில் தோலில் படக்கூடாது என்று எழுதியிருந்தது. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும்.

நம் சமண நெறியில் ஹிம்சையை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது. மூன்றுக்கும் வினை ஒன்றுதான். புழுவுக்கு இரங்கிப் பட்டை விலக்கினேன். மாட்டுக்கு இரங்கி ஜெலட்டினை விலக்கினேன். எதிரே நின்ற மனிதரின் விரலை நிறுத்துப் பார்க்கத் தவறிவிட்டேன். அப்பாவின் கடிதத்தை நான் பாதிதான் படித்திருக்கிறேன்.

2003லேயே பைக்ரோமேட் விற்பதை நிறுத்தினேன். டயசோ என்ற பசை வந்துவிட்டிருந்தது, கொஞ்சம் விலை கூடுதல். சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும். செரிசாவா மாதிரி எரித்துவிட்டுக் கடலில் இறங்கும் துணிவு எனக்கில்லை. ஒரு பொருளைத் தட்டிலிருந்து எடுக்கத்தான் முடிந்தது, அதுவும் காலம் கடந்து.

முடிவாக

ஃப்ளெக்ஸ் வந்தபின் எங்கள் தொழில் மெலிந்துவிட்டது உண்மை. ஆனால் அழிந்துவிடவில்லை. சூரிய மின்தகட்டில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடுகின்றனவே, அவற்றைப் பெரும்பாலும் திரை அச்சில்தான் போடுகிறார்கள். மாவுச் சல்லடை வெயிலைப் பிடிக்கும் வேலைக்குப் போயிருக்கிறது. இன்னொரு பக்கம், இந்தப் பெண்ணைப்போல இளைஞர்கள் கையால் இழுப்பதற்காகவே திரும்பி வருகிறார்கள்.

அன்று அவளுக்கு வலைத்துணியோடு ஒரு ஜோடி ரப்பர்க் கையுறையும் கொடுத்தேன். "இது பில்லுல இல்லையே அங்கிள்?" என்றாள். "பழைய பாக்கிம்மா" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. ஒரு வாரம் கழித்து வந்து, தன் காட்ஸில்லாவில் ஏழாம் எண் பிரதியைக் கடையில் மாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். கணக்குப் பெட்டிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். பெட்டி மூடியில் அண்ணாச்சியின் சாம்ரி இன்னும் இருக்கிறது. சிவப்பு வெளுத்துவிட்டது, பச்சை நிற்கிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் பூதம் வரைந்தால் அதட்டாதீர்கள், அதன் கதையைக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இந்த நகரத்தில் அச்சுக்கூடத்திலோ சாயப் பட்டறையிலோ வேலை பார்த்திருந்தால், அவர் இழுத்த ஒரு தாள் டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். எடுத்து வையுங்கள். பின்புறத்தில் அவர் பெயரை எழுதுங்கள். அவர் இருந்தால், கையைப் பிடித்து அந்த விரல்களையும் ஒருமுறை பாருங்கள்.